நாற்பது வாங்கியவரும் நாற்பது விற்றவரும்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நின்று "கொளஞ்சி" என்று ஒரு குரல் கொடுத்தால் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சாமி பெயரை ஊரே பங்கு போட்டுக்கொண்ட இடத்தில், முன்னால் ஒரு தொழிலோ அங்க அடையாளமோ ஒட்டிக்கொண்டால்தான் ஆள் யாரென்று விளங்கும். நெட்டைக் கொளஞ்சி, பால்காரக் கொளஞ்சி, எல்ஐசி கொளஞ்சி என்ற வரிசையில் நம்மவர் ஃப்யூஸ் கொளஞ்சி. வயது நாற்பத்தேழு. செராமிக் எஸ்டேட்டின் கடைசித் தெருவில் ஒரு ஷெட், ஒரு கேஸ் சூளை, பிசிறு தட்ட எட்டுப் பெண்கள். கரண்டு பெட்டியில் செருகுகிற வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைதான் இருபத்திரண்டு வருஷமாக அவருடைய பிழைப்பு.

ஜாக்கிரதைப் பேர்வழி. சித்திரை வெயிலிலும் பையில் மழைக்கோட்டு இருக்கும். பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்சீட்டைத் தேடிப் பிடிப்பார். எப்படியும் டிரைவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே ஒடிப்பார் என்று அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். வீடு எரியாமல் இருக்கத் தான் எரிந்துபோகிற சாமானை நாள் முழுக்கச் செய்கிறவருக்கு வேறு எப்படிப் புத்தி போகும்?

அப்படிப்பட்டவர் ஜூன் மாதத்தில் ஒரு காரியம் செய்தார். கையால் அழுத்தும் பழைய பிரஸ்களைத் தள்ளிவிட்டு, சென்னை ஏஜெண்ட் ஒருவன் மூலமாகச் சீனாவிலிருந்து செகண்ட்ஹேண்ட் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். முன்பணம் நாலு லட்சம், மனைவி நீலாவதியின் கழுத்திலும் கையிலும் இருந்தது. மீதி நாற்பதாயிரம் டாலர். செப்டம்பர் கடைசிக்குள் கட்டினால் மிஷின். கட்டாவிட்டால் மிஷின் வேறு ஆளுக்கு, நாலு லட்சம் காற்றுக்கு. அதற்கென்று பேங்கு தருவதாக ஒப்புக்கொண்ட கடன் முப்பத்து நாலரை லட்சம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. அன்றைக்கு டாலர் எண்பத்தைந்து ரூபாய் அறுபது பைசா. எண்பத்தாறேகால் வரை கடன் தாங்கும். அதைத் தாண்டி ஏறுகிற ஒவ்வொரு ரூபாயும் கொளஞ்சியின் சட்டைப் பையிலிருந்து நாற்பதாயிரம் கேட்கும். சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டுகள்தான் இருந்தன.

அதுவரை பேப்பரில் டாலர் விலை எந்தப் பக்கத்தில் வருகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது இழவுச் செய்திக்கு முன்னால் அதைத்தான் படித்தார்.

விலையை இன்றைக்கே கட்டிப்போட்டு வைக்க வழி உண்டு என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். கொளஞ்சி பேங்குக்குப் போனார். மேனேஜர் நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி ஃபேனைக் கூட்டி வைத்தார்.

"ஃபார்வர்டு காண்ட்ராக்டா? இருக்குதுங்க. ரூல்ஸ்ல இருக்குது."

"அப்ப போட்டுக் குடுங்க சார்."

"ரூல்ஸ்ல இருக்குதுன்னுதான் சொன்னேன். இந்த பிராஞ்சுல இருக்குதுன்னு சொல்லலியே. நான் வந்து மூணு வருஷம் ஆவுது, நீங்கதான் மொத ஆளு."

அப்படியும் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து ஒரு விண்ணப்பத்தை உருவினார். பழுப்பேறிய தாள். அதை ஏற்கெனவே யாரோ பாதி நிரப்பியிருந்தார்கள். தொகை இருந்தது, தேதி இருந்தது, எந்த நாட்டுப் பணம் என்பதும் இருந்தது. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஓர் எழுத்து தொடங்கி, பேனா அப்படியே சரிந்து, கோடு தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"யாரு சார் இது?"

"தெரியலீங்க. நான் சார்ஜ் எடுத்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு." மேனேஜர் அந்தத் தாளைத் தொடாமல் ஸ்கேலால் தள்ளினார். "பிரிண்ட் எடுத்துத் தரேன். கடலூருக்கு அனுப்பணும். அவங்க சென்னைக்கு அனுப்புவாங்க."

அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்துக் கேட்டபோது 'பரிசீலனையில்' என்று வந்தது. பரிசீலனை என்ற சொல்லுக்குள் போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் கிடையாது.

அடுத்த வழி பாலக்கரையில், மொபைல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பங்குச்சந்தை புரோக்கரின் கிளை. ஒரு ரூம், மூன்று கம்ப்யூட்டர், ஒரு பெண். மோகனப்பிரியா என்று பெயர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து ஷட்டர் தூக்குகிறவள்.

"மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன்ணே. இங்க வெளையாட வர்றவங்க இருக்காங்க. பயந்து வர்றவங்க இருக்காங்க. நீங்க எது?"

"பயந்துதாம்மா வந்தேன்."

"அப்ப பயத்துக்கு ப்ரூஃப் வேணும்."

விளையாட்டில்லை. முன்பெல்லாம் டாலரில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம். ஜேஜே என்று கூட்டம். பிறகு, மெய்யாகவே டாலர் கொடுக்கவோ வாங்கவோ வேண்டியவர்கள் மட்டும் வந்தால் போதும், கேட்டால் அத்தாட்சி காட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. கூட்டம் மொத்தமும் செருப்பைக்கூடத் தேடாமல் போய்விட்டது. மெய்யாகவே பயந்தவர்களுக்கு மட்டும் என்று சுத்தம் செய்த மண்டபத்தில், பயந்தவர்களுக்குத் துணைக்கு ஆள் இல்லை.

கொளஞ்சி மிஷின் பில்லைக் கொடுத்தார். பான் கார்டு, ஆறு மாத பேங்கு ஸ்டேட்மெண்ட் கொடுத்தார். அடுத்து போன் கேமரா முன்னால் முகத்தைக் காட்டி, கண்ணை மூடித் திறந்து, இடமும் வலமும் திரும்பச் சொன்னாள். ஷெட்டிலிருந்து நேராக வந்திருந்ததால் புருவம் வரை வெள்ளைக் களிமண் பொடி. 'உயிருள்ள முகம் தென்படவில்லை' என்று போன் சொன்னது. இரண்டாம் முறையும் அதையே சொன்னது. மூன்றாம் முறைக்கு முன் மோகனப்பிரியா குடத்தைக் காட்டினாள்.

"கழுவிட்டு வாங்கண்ணே. அதுக்கு நீங்க பொம்மையாட்டம் தெரியறீங்க."

ஒரு வியாழக்கிழமை காலை திரை திறந்தது. பத்துப் பேரில் ஒன்பது பேர் இதில் நஷ்டப்படுகிறார்கள் என்று ஓர் எச்சரிக்கை முன்னால் வந்து நின்றது. 'புரிந்துகொண்டேன்' என்பதை அழுத்தாமல் உள்ளே விடவில்லை. அழுத்தினார். உள்ளே யாருமில்லை. செப்டம்பர் ஒப்பந்தம் என்ற வரிக்கு எதிரே வாங்குகிறவர் பக்கமும் காலி, விற்கிறவர் பக்கமும் காலி. எண்பத்தைந்து அறுபதுக்கு நாற்பது என்று ஆர்டரைப் போட்டுவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். ஒன்று ஆயிரம் டாலர், அப்படி நாற்பது. பத்து மணி ஆனது. டீ வந்தது. பதினொன்று ஆனது. அந்த வெள்ளைத் திரையை அவ்வளவு நேரம் பார்த்ததில் கொளஞ்சிக்கு, திரையும் தன்னைப் பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம் வந்தது.

பதினொன்று இருபதுக்கு எதிர்ப்பக்கம் ஓர் எண் முளைத்தது. நாற்பது. வந்த வேகத்தில் இரண்டு பக்கமும் மறைந்துவிட்டது.

"முடிஞ்சுது" என்றாள் மோகனப்பிரியா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஒரே ஆளு. நாப்பதையும் ஒரே அடியா குடுத்திருக்காங்க."

கீழே, முடிக்காமல் நிற்கும் ஒப்பந்தங்கள் எத்தனை என்று காட்டுகிற கட்டத்தில் 40 என்று இருந்தது.

"மொத்தமே நாப்பதாம்மா?"

"இந்த மாசத்துக்கு மொத்தமே அவ்ளோதான். வாங்குனது நீங்க. வித்தது யாரோ ஒருத்தரு."

"யாரு?"

"தெரியாது. தெரியவும் கூடாதுண்ணே. நடுவுல மும்பையில ஒரு கம்பெனி நின்னுக்கும். உங்களுக்கு அவங்கதான் ஜவாப்பு. அந்தாளுக்கும் அவங்கதான் ஜவாப்பு."

"அந்தாளு நல்ல மாதிரியா?"

மோகனப்பிரியா திரையைத் திரும்பிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பாள்.

வீட்டில் நீலாவதி முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் புளியைக் கரைத்தபடியே சொன்னாள்.

"ரெண்டே பேரு இருக்கிற ரூம்ல ஒருத்தரு மூஞ்சிய மூடிகிட்டு ஒக்காந்திருக்காரு. அவருகிட்ட பந்தயம் கட்டிட்டு வந்திருக்கீங்க."

"பந்தயம் இல்லடி. ஃப்யூஸு மாதிரி இது. டாலரு ஏறிச்சுன்னா அந்த நஷ்டம் இங்க எரிஞ்சு போயிடும். நமக்கு வராது."

"சரி. ஃப்யூஸு போனா எந்த வூட்டுல இருட்டாவும்?"

கொளஞ்சி சாப்பிட்ட கையைக் கழுவப் போனார்.

"ஏறிச்சுன்னா அந்தாளு குடுக்கணும், அவ்ளோதானே?" பின்னாலேயே குரல் வந்தது. "ஊரு தெரியாது, பேரு தெரியாது. ஓடிட்டான்னா எங்க போயி புடிப்பீங்க? மும்பைக்கு பஸ்ஸு ஏறுவீங்களா, டிரைவரு பின்னாடி ஒக்காந்துகிட்டு?"

அந்தக் கேள்வி இரண்டு நாள் அவரைக் குடைந்தது. நடுவில் நிற்கிற கம்பெனியை அவர் பார்த்ததில்லை. எதிரில் நிற்கிற ஆளையும் பார்த்ததில்லை. இவ்வளவு பார்க்காததுகளுக்கு நடுவே அவருக்குப் பழக்கமான ஜவாப்புதாரி ஒருவர்தான். அவரோ மூன்று கிலோமீட்டர் தள்ளி மணவாளநல்லூரில் இருக்கிறார். சனிக்கிழமை கொளஞ்சி கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பிராது கட்டப் போனார்.

குறையைத் தாளில் எழுதி, சாமி முன் வைத்து, திருநீற்றோடு மடித்து நூலால் கட்டிவிட்டு வருவது. மூன்று நாளிலோ மூன்று வாரத்திலோ மூன்று மாதத்திலோ தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. வந்ததும் திரும்பப் போய் வாபஸ் வாங்கிவிட வேண்டும். கட்டணம், தவணை, முடித்துவிட்டு வெளியேறுகிற சடங்கு எல்லாம் இதில் உண்டு. மும்பைக்காரர்கள் திரையில் கொண்டு வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இந்த ஊர் சனம் தவணை ஒப்பந்தத்தில் கை தேர்ந்தது. அவர்களிடம் போய் 'விழிப்புணர்வு போதவில்லை' என்று கருத்தரங்கில் பேசுகிறார்கள்.

கோயிலுக்கு வெளியே பலகையை மடியில் வைத்துக்கொண்டு பிராது எழுதித் தரும் மாயவன் கேட்டார்.

"எதிராளி பேரு?"

"தெரியாதுண்ணே."

"ஊரு?"

"அதுவும் தெரியாது."

"இன்னா பண்ணான் உன்ன?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல. பண்ணிடக்கூடாதுன்னுதான்."

மாயவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். திருட்டு, நம்பிக்கை மோசம், வேலித் தகராறு, ஓடிப்போன மருமகள் என்று முப்பது வருஷமாக எழுதிய கை. நடக்காத குற்றத்துக்கு, இல்லாத பேர்வழி மேல் பிராது எழுதியதில்லை. ஆனாலும் எழுதினார். 'வியாழன் காலை பதினொன்று இருபதுக்கு எனக்கு நாற்பது விற்ற, ஊர் பேர் தெரியாதவர், கொடுக்க வேண்டியதைத் தினந்தினம் கொடுக்க வேண்டும். தவணை முடியும்வரை விட்டு ஓடக்கூடாது.'

"ஓடக்கூடாதுன்னு மட்டும் போதுமா?"

"போதும்" என்றார் கொளஞ்சி.

ஆடிக் காற்று தொடங்கியது. டாலர் ஏற ஆரம்பித்தது. பத்துப் பைசா ஏறினால் அன்று மாலை நாலாயிரம் ரூபாய் கணக்கில் வந்து விழும். இந்தச் சந்தையில் தவணை முடியும்வரை காத்திருப்பதில்லை. அன்றன்றைக்குத் தோற்றவரிடம் பிடுங்கி அன்றன்றைக்கு ஜெயித்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் மெசேஜ் வந்தபோது கொளஞ்சி சூளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சந்தோஷப்பட வாய் திறந்தார். அதே நொடியில் எங்கோ இன்னொரு போன் இதே மாதிரி துடித்திருக்கும், அதில் இதே நாலாயிரம் கழித்தல் குறியோடு இருக்கும் என்று தோன்றியது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஆறேகாலுக்கு ஒரு கால் வந்தது. 022 என்று தொடங்குகிற மும்பை எண். எடுத்தார். யாரும் பேசவில்லை. லைன் துண்டாகவும் இல்லை. யாரோ காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற மௌனம். அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், 'ஹூம்' என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. இருபது விநாடி இருக்கும். அதுவாகவே அணைந்தது.

அடுத்த முறை பணம் வந்த அன்றும் ஆறேகாலுக்கு வந்தது. அதற்கடுத்த முறையும். டாலர் இறங்கி, இவர் பணம் போன நாட்களில் வரவில்லை. மோகனப்பிரியாவிடம் எண்ணைக் காட்டினார்.

"இது நம்ம ஆபீஸு நம்பரு இல்லண்ணே." திரும்ப அழைத்துப் பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் மூன்று மொழியில் சொன்னது.

"அந்த நாப்பது இன்னும் அப்படியே இருக்குதாம்மா?"

"அப்படியேதான் இருக்குது. வேற யாரும் வரல. நீங்க ரெண்டு பேருதான்."

நீங்க ரெண்டு பேர். நீலாவதியோடு பதினெட்டு வருஷமாக வாழ்கிறவருக்கு, அந்த ஆடி முழுக்க 'நாங்க ரெண்டு பேர்' என்றால் வேறு யாரோ ஒருவர் நினைவுக்கு வந்தார். சாப்பிடும்போது, அந்தாள் சாப்பிட்டிருப்பானா என்று நினைத்தார். எண்பத்தேழைத் தாண்டிய அன்று, அவன் எதை விற்றுக் கட்டினான் என்று நினைத்தார். ஓடாமல் கட்டிக்கொண்டிருக்கிறான் என்பதே ஒரு கட்டத்தில் பயமாக இருந்தது. நஷ்டப்படுகிறவன் இதற்குள் ஓடியிருக்க வேண்டாமா? எது அவனைப் பிடித்து வைத்திருக்கிறது? 'விட்டு ஓடக்கூடாது' என்று தான் பிராதில் எழுதிக் கட்டிய வரி அப்போது நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் கடைசி வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்குக் கால் வந்தபோது அவர் ஷெட்டு வாசலில் நின்றிருந்தார். வழக்கமான மௌனம். வழக்கமான 'ஹூம்'. அப்போது ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் நீளமாக ஊதியது. இடது காதில் காற்று வழியாகக் கேட்டது. வலது காதில் போன் வழியாகவும் கேட்டது.

மும்பையில் இல்லை. இங்கே இருக்கிறான். ரயில் ஊதினால் கேட்கிற தூரத்தில் இருக்கிறான்.

இந்த முறை கால் இருபது விநாடியில் அணையவில்லை; கொளஞ்சி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நடந்தார். இருபத்திரண்டு வருஷம் ஷெட்டில் கிடந்த காதுக்கு, அந்த 'ஹூம்' என்னவென்று இப்போது பிடிபட்டது. சூளைக்குக் காற்றடிக்கிற ப்ளோயர். ஒவ்வொரு ப்ளோயருக்கும் ஒரு தொண்டை உண்டு. இது பேரிங் தேய்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் விக்குகிறது. எஸ்டேட்டில் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஷெட்டுகளை ஒவ்வொன்றாகக் கடந்தார். இருநூறு அடி தள்ளி, வேப்பமரத்துத் திருப்பத்தில், விக்கல் இரண்டு காதிலும் ஒன்றாகச் சேர்ந்தது.

அது அம்புஜவல்லியின் பொம்மை ஷெட். புருஷன் போனபின் பத்து வருஷமாகத் தனியாக நடத்துகிற அம்மாள். பார்த்தால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான் பழக்கம். உள்ளே ஒரு டியூப்லைட் மட்டும் எரிந்தது. தரையிலிருந்து கூரை வரை பலகைகளில் வெள்ளைப் பொம்மைகள். ஜெர்மனிக்குப் போகிற கிறிஸ்துமஸ் குடில் உருப்படிகள்: மரியாள்கள், சூசைகள், இடையர்கள், ஆயிரக்கணக்கில். கண் எழுதுவது கடைசி வேலை, இன்னும் எழுதவில்லை. கண்ணில்லாத அத்தனை முகமும் வாசலைப் பார்த்திருக்க, நடுவில் அம்புஜவல்லி காதில் போனோடு நின்றிருந்தார்.

"யாரு?" என்றார். அந்தக் குரல் கொளஞ்சியின் போனிலும் வந்தது.

"நாந்தாங்க்கா. ஃப்யூஸு கொளஞ்சி."

"தம்பி, நீங்கதானா அடிக்கடி கூப்புட்டுட்டுப் பேசாம இருக்கறது?"

"நான் கூப்புடலக்கா. எனக்குத்தான் வருது."

அம்புஜவல்லி தன் போனை நீட்டினார். அதிலும் 022. அதே எண். 'உள்வரும் அழைப்பு' என்றிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு திரையும் ஒன்றாக அணைந்தன. யார் அழைத்தது, எதற்கு அழைத்து இருவரையும் கோத்துவிட்டுச் சும்மா இருந்தது என்பது இன்றுவரை தெரியாது.

கொளஞ்சி உட்கார இடம் தேடினார். மரியாள்களை நகர்த்தி ஸ்டூலைப் போட்டார் அம்புஜவல்லி.

"நீங்க டாலரு வித்தீங்களாக்கா? நாப்பது? ஒரு வியாழக்கெழம?"

அம்புஜவல்லி போனைப் பலகையில் வைத்தார். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கதை சின்னது. ஜெர்மன் ஆர்டருக்குச் செப்டம்பர் கடைசியில் நாற்பதாயிரம் டாலர் வர வேண்டும். டாலர் இறங்கிவிட்டால் கூலிகூடக் கட்டாது என்று பயந்து, சென்னையில் வேலை பார்க்கும் மகள் அன்பரசி போனில் சொல்லிச் சொல்ல, ஒரு மொபைல் ஆப்பில் விற்றுவைத்தார். விலை ஏறினாலும் கவலையில்லை, அந்த லாபம் ஜெர்மனியிலிருந்து வந்துவிடும், இரண்டும் நேராகிவிடும் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். அது சத்தியம்தான். ஆனால் ஜெர்மனி செப்டம்பரில் வரும். ஆப் தினமும் சாயங்காலம் வந்து நிற்கிறது.

"இதுவரைக்கும் அறுவத்து நாலாயிரம் கட்டிட்டேன் தம்பி. கேஸுக்கு வெச்சிருந்தது போச்சு. கம்மலு போச்சு. வாரத்துக்கு மூணு சூளை போட்டவ ஒண்ணுதான் போடறேன். இப்படியே போனா பொம்மையே முடியாது, அப்புறம் எங்கேர்ந்து ஜெர்மனி பணம் வரும்?"

"வெளிய வந்திருக்கலாமேக்கா."

"பதினோரு நாளா முட்டிப் பாக்கறேன். திருப்பி வாங்குனாத்தானே வெளிய வரலாம்? விக்க ஆளே இல்ல. கதவ யாரோ வெளிப்பக்கம் பூட்டுனாப்புல இருக்குது."

கொளஞ்சி பொம்மைகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அந்த மண்டபத்தில் இருப்பதே இரண்டு பேர். அவர் விற்றால்தான் அந்த அம்மாள் வெளியே வர முடியும். விற்றால் அவருடைய மிஷினுக்கு இருக்கிற பாதுகாப்பு போய்விடும்; தவணைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, டாலரோ நின்று மூச்சுவிடக்கூட இல்லை. விற்காவிட்டால் மிஷின் வந்துவிடும், இந்த ஷெட்டு அணைந்துவிடும். எந்த வீட்டில் இருட்டாகும் என்று நீலாவதி கேட்டாளே, அந்த வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு வித்துடறேன்க்கா" என்றார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

மறுநாள் மோகனப்பிரியா கையைப் பிசைந்தாள். "எதிர்ல யாருன்னு தெரிஞ்சு, பேசி வெச்சுகிட்டு வந்தீங்கன்னா அது தப்புண்ணே. நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லல." ஆர்டரைப் போட்டாள். தள்ளுபடி. பயத்தின் அத்தாட்சி காலாவதியாகிவிட்டதாம், புது பில் ஏற்ற வேண்டுமாம். ஏற்றினாள். தள்ளுபடி. விலை அன்றைய வரம்புக்கு வெளியே. திருத்தினாள். இம்முறை திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து, காரணமே சொல்லாமல் தள்ளுபடி.

"ரெண்டு வருஷத்துல இப்படிப் பாத்ததில்ல" என்றாள்.

கொளஞ்சி படியிறங்கி நேராக மணவாளநல்லூர் போனார். மாயவன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாபஸ் எழுதணும்ண்ணே."

"நெறவேறிடுச்சா?"

"நெறவேறிடுச்சு."

"அப்ப ஏன்யா மூஞ்சி இப்படி இருக்குது?"

கொளஞ்சி கட்டணத்தைக் கட்டினார். எழுதியதை வைத்துக் கும்பிட்டார். ஓடக்கூடாது என்று கேட்டது தப்பு, போகிறவர்கள் போகட்டும் என்று வாய்க்குள் சொன்னார். திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. மோகனப்பிரியா.

"அண்ணே, கடைசியா போட்டது தள்ளுபடின்னு காட்டுச்சே, அது இப்ப முடிஞ்சிருக்குது. எண்பத்தேழு இருவதுக்கு. நான் திருப்பி ஒண்ணும் அழுத்தல. அந்தக் கட்டத்துல இப்ப சைபர்ண்ணே. உள்ள யாருமே இல்ல."

அன்று மாலை கொளஞ்சியின் ஷெட்டு வாசலுக்கு அம்புஜவல்லி வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, ஒண்ணு தோணுது. எனக்கு டாலரு வரப்போவுது. ஒங்களுக்குப் போவப்போவுது. இருநூறு அடி தூரம். இதுக்கு நடுவுல மும்பை எதுக்கு?"

வேறு பேச்சு தேவைப்படவில்லை. எண்பத்தேழு இருபது என்று ஓர் எண். மிஷினுக்குப் பணம் கட்டுகிற அன்று டாலர் அதற்கு மேலே இருந்தால் வித்தியாசத்தை அம்புஜவல்லி தர வேண்டியது. கீழே இருந்தால் கொளஞ்சி. நடுவில் தினந்தோறும் பிடுங்கல் கிடையாது. தாளும் கிடையாது, சாட்சியும் கிடையாது, கோர்ட்டில் ஏறாது. மகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள் என்றார் அம்புஜவல்லி. கொளஞ்சி பிராது கட்டப் போகவில்லை.

அந்த ஐந்து வாரமும் கொளஞ்சி தூங்கியதாகச் சொல்ல முடியாது. முன்பு முகமில்லாத ஒருவனைப் பற்றிக் கவலைப்பட்டார். இப்போது முகம் தெரிந்தது. அது இன்னும் மோசம். டாலர் ஏறிய நாளில் பொம்மை ஷெட்டின் புகைபோக்கியைப் பார்த்தார், புகை வருகிறதா என்று. அந்தப் பக்கத்து ஜன்னலில் ஒரு நிழல் நின்று இவருடைய ஷெட்டைப் பார்த்தது. டீக்கடையில் எதிர்ப்பட்டால் இருவருமே அன்றைய விலையைத் தெரிந்துவைத்திருந்தார்கள். இருவருமே மழையைப் பற்றிப் பேசினார்கள்.

செப்டம்பர் கடைசியில் டாலர் எண்பத்தெட்டு எழுபத்தைந்து. ஜெர்மனி பணம் வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு அம்புஜவல்லி வந்தார். மஞ்சள் பையில் அறுபத்திரண்டாயிரம். ஒரு ரூபாய் குறையவில்லை.

"ஒங்களுக்குக் கஷ்டமில்லையேக்கா?"

"இல்ல தம்பி. அங்க கூட வந்தது, இங்க போவுது. நேராப் போச்சு." பையை மேஜையில் வைத்தார். கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. "நேராப் போச்சுன்னு புத்திக்குத் தெரியுது."

முன்பு கணக்கில் விழுந்த அறுபத்து நாலாயிரத்தோடு இதையும் சேர்த்துக் கொளஞ்சி பேங்குக்குப் போனார். கடன் பணம் தீர்ந்த இடத்திலிருந்து இந்தப் பணம் பிடித்துக்கொண்டது. மிஷின் கப்பல் ஏறியது. நீலாவதி அன்று பாயசம் வைத்தாள்; எதிராளி யாரென்று கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. அவளும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு பேர் பயமும் சரியாகத் தீர்ந்தது. ஜெர்மனியில் குடில் வைத்தார்கள். இங்கே பிரஸ் ஒரே அழுத்தில் எட்டுக் கட்டை தள்ளுகிறது. ஆனால் பிரஸ் ஓடத் தொடங்கிய வாரத்தில், பொம்மை ஷெட்டில் இந்தப் பக்கம் பார்த்த ஜன்னலைச் சூளைக் கல் வைத்து அம்புஜவல்லி அடைத்துவிட்டார். உள்ளே புழுக்கமாக இருக்குமே என்று அங்கே பிசிறு தட்டும் பெண்கள் கேட்டார்கள். தூசி வருகிறது என்றாராம். அதற்கு இரண்டு நாள் முன்பே கொளஞ்சி, கண் கூசுகிறது என்று சொல்லி, அந்த ஜன்னலைப் பார்த்திருந்த தன் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்.